செட்டிபாளையத்து எருமை விசாரணை

கர்னலின் உத்தரவுப்படி, இலங்கை மண்ணில் கால் வைத்த நிமிடத்திலிருந்து நாங்கள் நால்வரும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்கள். தட்டச்சு செய்த தாளில் பாடங்களும் ஒதுக்கப்பட்டிருந்தன. கர்னல் தலைமை ஆசிரியர். நான் புவியியல். ஆரோக்கியசாமி கணக்கு. பல்பீர் சிங் தமிழ்.

"தமிழா சார்?" என்று கேட்டேன். பல்பீர் பஞ்சாபில் பிறந்து, பீரங்கிப் படையில் இருந்து, குன்னூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே பேக்கரி வைத்திருப்பவர்.

"நம்ம நாலு பேர்ல 'ழ' ஒழுங்கா வர்றது அவனுக்குத்தான்" என்றார் கர்னல். அது உண்மை.

வேஷத்துக்குக் காரணம் இருந்தது. அமைதிப் படை என்ற பெயரில் எங்கள் பட்டாளம் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் வந்துபோனது எல்லோருக்கும் தெரியும். நானும் பல்பீரும் கர்னலும் அப்போது வேறு எங்கோ இருந்தோம் என்பதை ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. "மீன் பிடிக்கிறோம், வர்றோம், அவ்வளவுதான்" என்றார் கர்னல்.

மீன் பிடிப்பது எங்களுக்கு வைத்தியம். குன்னூரில் ஒரு டாக்டர், தூக்கம் வராத பழைய ராணுவத்துக்காரர்களுக்கு மாத்திரையைக் குறைத்துவிட்டு ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொள்ளச் சொன்னார். இதில் புழு கிடையாது. கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, நீளமான கயிற்றைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, அந்தப் பொய்ப்பூச்சியைத் தண்ணீரில் மெல்ல இறக்க வேண்டும். மீன் ஏமாந்தால் பிடித்து, முத்தம் கொடுக்காத குறையாகத் திருப்பி விட வேண்டும். நீலகிரி ஓடைகளில் எட்டு வருஷமாக இதைச் செய்துவருகிறோம். மட்டக்களப்பு வாவியில் கொடுவா மீன் இருக்கிறது என்று படம் காட்டிக் கர்னலின் ஆசையைக் கிளப்பியவர் ஆரோக்கியசாமி. எட்டு வருஷத்தில் அவர் வாய்திறந்து கேட்டது அது ஒன்றைத்தான்.

மட்டக்களப்பில் வந்து இறங்கியதும் முதல் சோதனை தூண்டில்களால் வந்தது. கம்புகள் நான்கு நீளமான குழாய்களில் இருந்தன. ஆட்டோவுக்குள் எப்படித் திணித்தாலும் இருபக்கமும் ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. சந்தைத் தெருவில் திரும்பும்போது ஒரு கடை வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் வாளிகளை வாரிக்கொண்டு போனோம். கடைக்காரர் கத்த, போக்குவரத்துப் போலீஸ்காரர் நிறுத்தினார். குழாய்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. திறக்கச் சொன்னார்.

உள்ளே மெல்லிய கம்புகள். கூடவே ஒரு பெட்டியில் நாற்பது பொய்ப்பூச்சிகள். ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன?"

"தும்பி, சார்" என்றார் பல்பீர், சுத்தமான தமிழில்.

போலீஸ்காரர் தலைப்பாகையைப் பார்த்தார், தும்பியைப் பார்த்தார். "நீங்க யார்?"

"தமிழாசிரியர்."

அவர் பெட்டியை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, "போங்க" என்றார். இதற்கு மேல் தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை என்று தோன்றியது.

தங்கிய வீடு ஐரின் அக்காவுடையது. அறுபது தாண்டியவர், பறங்கியர் சமூகம். "போர்த்துக்கீசர் போகக்குள்ள மறந்து விட்டுட்டுப் போன ஆக்கள் நாங்க" என்று தானே சொல்லிச் சிரித்தார். மதியச் சாப்பாட்டுக்கு நண்டுக் கறி, இறால், கீரைச் சுண்டல். குன்னூரில் நண்டு எப்போதாவது ஐஸ் பெட்டியில் வரும். இங்கே அது தட்டில் கிடந்தும் கடிக்க வருவதுபோல் இருந்தது. கடைசியாக மண்சட்டியில் எருமைத் தயிர், மேலே ஊற்றக் கித்துள் பாணி என்கிற கூந்தல்பனைப் பாகு. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர்.

ஆரோக்கியசாமி கையால் தட்டை மூடிக்கொண்டார். "வேண்டாங்க."

"மட்டக்களப்புக்கு வந்து தயிர் வேணாமெண்டா, வராமலே இருந்திரிக்கலாமே!" என்றார் ஐரின் அக்கா. அவருக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. பல்பீர் சமாதானமாக இரண்டு பங்கு சாப்பிட்டார்.

மாலையில் ஐரின் அக்கா தன் தங்கையோடு தொலைபேசியில் பேசுவது கேட்டது. போர்த்துக்கீசும் தமிழும் கலந்த அவர்கள் வீட்டுப் பேச்சு. பேசி முடித்ததும் பல்பீர் கூச்சமில்லாமல் போய் அர்த்தம் கேட்டார். அவரும் கூச்சமில்லாமல் மொழிபெயர்த்துச் சொன்னார்: "நாலு வாத்தியார்மார் வந்திரிக்காங்க. நாலு பேரும் ஒரே காலை ஒரே நேரத்தில எடுத்து வைக்கிறாங்க. செருப்பைக் கழட்டினா வரிசையா நிக்கிது."

கர்னல் காதில் விழாததுபோல் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் செட்டிபாளையம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் தென்னையும் வீடுகளுமாக ஒரு நாடா மாதிரி ஊர். தோணிக்காரர் குணம் கரையில் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வாவியை அவர் ஆறு என்றுதான் சொன்னார். எங்களையும் கம்புகளையும் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, "வலை எங்க?" என்று கேட்டார்.

கர்னல் விளக்கினார். இறகு, நூல், வீச்சு, பிறகு மீனைத் திருப்பி விடுவது.

"பிடிச்சுப்போட்டு மறுகா விடுறதா?"

"ஆமா."

"அப்ப என்னத்துக்குப் பிடிக்கிற?"

"மன அமைதிக்கு."

குணம் கொஞ்சம் யோசித்தார். "மீனுக்கா சேர், உங்களுக்கா?"

தோணி ஆழமில்லாத இடத்தில் நின்றது. கர்னல் எழுந்து நின்று முதல் வீச்சை வீசினார். கயிறு அழகாகப் பின்னால் போய், குணம் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கவ்விக்கொண்டு முன்னால் வந்தது. சாரம் வாவியின் மேல் ஒரு கணம் விரிந்து பறந்து, டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரியே மெல்லத் தண்ணீரில் இறங்கியது. குணம் அரைக்கால் சட்டையோடு நின்றார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் தோணி ஆடி, நானும் பல்பீரும் தண்ணீரில் விழுந்தோம். இடுப்பளவு நீரும் முழங்காலளவு சேறும். நீலகிரி ஓடையில் விழுந்தால் பல் கிட்டிக்கும். இங்கே தண்ணீர் வெந்நீராக இருந்தது, ஆனால் சேறு செருப்பைத் திருப்பித் தரவில்லை.

நாலு மணி நேரத்தில் நாங்கள் பிடித்தது இவ்வளவு: ஒரு தாமரை இலை, பல்பீரின் தலைப்பாகை, என் காதுமடல். ஒரு கரும்பருந்து பொய்ப்பூச்சியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொஞ்ச தூரத்தில் துப்பியது. கடைசியில் குணம் பொறுமையிழந்து, வீச்சுவலையை ஒரு தடவை எறிந்தார். பதினைந்து மணலை மீன்கள் துள்ளின. "இது வயித்துக்கு. நீங்க மன அமைதியைப் பாருங்க" என்றார்.

இத்தனை கூத்திலும் ஆரோக்கியசாமி கம்பைக் கையில் வைத்தபடி வீசாமலே உட்கார்ந்திருந்தார். அவர் மீனைப் பார்க்கவில்லை. கரையையே பார்த்தார். ஒரு வளைவு வந்ததும் இரண்டு மருத மரங்களுக்கு நடுவே விரலை நீட்டி, "அங்க ஒரு காவல் சாவடி இருந்துச்சு" என்றார்.

குணம் துடுப்பை நிறுத்தினார். "இருந்திச்சுதான். உங்களுக்கு எப்படித் தெரியும், கணக்கு சேர்?"

"நான் இங்க ஏழு மாசம் இருந்தேன். அப்ப எனக்கு இருபது வயசு."

கர்னல் உத்தரவு போடுவதுபோல் ஒரு இருமல் இருமினார். ஆரோக்கியசாமி நிறுத்தவில்லை. எட்டு வருஷமாகப் பேசாத மனிதர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பனி மூடிய ஒரு விடியற்காலை, தண்ணீருக்குள் யாரோ சலசலவென்று நடந்து வந்தார்கள். நிற்கச் சொல்லிக் கத்தினார். நிற்கவில்லை. ஒரே குண்டு. கேட்ட சத்தம் மனிதச் சத்தமில்லை. எருமை. அது விழுந்து தண்ணீரை அடித்துக்கொண்டது. போய்ப் பார்க்கத் துணிவில்லை. அன்று மதியமே அவர்களை லாரியில் ஏற்றி வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். "பால் கொடுக்கிற எருமையா இருக்கும். யாரோட வயித்துலயோ அடிச்சிட்டேன். அதுலேர்ந்து தயிரைப் பார்த்தா எனக்கு அந்தச் சத்தம் கேக்குது. யாருதுன்னு தெரிஞ்சா நேர்ல சொல்லிட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். மீனெல்லாம் சும்மா."

கர்னலுக்கு 'மீனெல்லாம் சும்மா' என்பதுதான் முதலில் உறைத்தது. பாவம், அவர் அந்தப் பூச்சிகளைச் செய்ய ஆறு மாதம் எடுத்திருந்தார்.

குணம் துடுப்பை மறுபடி தண்ணீரில் இறக்கினார். பிறகு கேட்டார்: "கறுத்த எருமையா?"

"எருமை எல்லாம் கறுப்புத்தானே?" என்றார் பல்பீர்.

"நீங்க ஆமிக்காரர் எண்டு கண்டதுமே தெரியும்" என்றார் குணம். "எருமைக் கதை தெரியாது. விசாரிக்கிறன்."

அவர் விசாரித்த விதம் எப்படியென்றால், மூன்றாம் நாள் காலை மீனவர் சங்கக் கட்டடத்தின் முன் நாற்பது பேர் நின்றார்கள். கோபக்காரர்கள் நாற்பது பேரா, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நாற்பது பேரா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தேத்தண்ணி வைத்திருந்தார்கள். அந்த எருமை தங்களுடையது என்று சொல்ல மூன்று பேர் வந்திருந்தார்கள்.

சிக்கல் என்று வந்ததும் கர்னலுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. விசாரணை நடத்துவது அவருக்குக் கைவந்த கலை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, வாவியின் வரைபடத்தை மேசையில் விரித்து, காவல் சாவடிக்குச் சீனிப் போத்தலையும் எருமைக்குத் தீப்பெட்டியையும் வைத்தார். பல்பீர் எழுத்தர். நான் வாசலில் ஆட்களை ஒவ்வொருவராக விட்டேன்.

முதலாமவர் வேலு, குணத்தின் பெரியப்பா மகன். அவர்களுடைய எருமைக்கு இடது கொம்பு கீழ்நோக்கி வளைந்திருந்ததாம். "கொம்பைப் பாத்தீங்களா?" என்று ஆரோக்கியசாமியைக் கேட்டார். பனியில் கொம்பு தெரியவில்லை என்றார் அவர். "கொம்பைக்கூடப் பாக்காமலா சுட்டீங்க?" என்று வேலு கேட்டதை எழுத்தர் பல்பீர் அப்படியே குறித்துக்கொண்டார்.

இரண்டாமவர் பலசரக்குக் கடை இராசதுரை. அவர் ஆதாரத்தோடு வந்திருந்தார். கண்ணாடிச் சட்டம் போட்ட அவருடைய அக்காவின் கல்யாணப் படம். மாப்பிள்ளை, பொம்பிள்ளை, இருபது உறவினர். வலது ஓரத்தில் ஒரு எருமையின் பின்பக்கம்.

"இதுதான் அது" என்றார்.

கர்னல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பின்பக்கத்தைப் பார்த்தார். "அடையாளம் காட்ட முடியுமா?" என்று ஆரோக்கியசாமியிடம் நீட்டினார். அவர் படத்தை வாங்கி, உண்மையாகவே முயன்றார். வேலு எட்டிப் பார்த்து, "அது எருமையே இல்ல, மாடு" என்றார். இராசதுரை பாய்ந்தார். வெளியே நின்றவர்கள் உள்ளே வந்து, படத்தைக் கைமாற்றிப் பார்த்து, எருமைக் கட்சி, மாட்டுக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தார்கள். கல்யாணத்துக்குப் போயிருந்த ஒருவர் அன்று பந்தியில் தனக்குப் பாயசம் வரவில்லை என்ற விஷயத்தை நடுவில் எடுத்தார்.

மூன்றாமவர் அமைதியாக உட்கார்ந்திருந்தார். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வெல்லாவெளியிலிருந்து விடியவே புறப்பட்டு வந்தவர். வயல்காரர், பெயர் கந்தையா. கர்னல் கேள்விகளைத் தொடங்கினார். வயது? கொம்பு? எந்தக் கரையில் மேயும்? எல்லாவற்றுக்கும் கந்தையா மாறி மாறிச் சொன்னார். வெல்லாவெளி எருமை வாவியைத் தாண்டி இங்கே எதற்கு வந்தது என்று கர்னல் கேட்டதும் அவர் நிறுத்திக்கொண்டார்.

"எனக்குப் போனது எருமை இல்ல சேர்" என்றார். "அண்ணன். யார் கொண்டு போனாங்க எண்டு தெரியா. உங்கட ஆக்கள் எண்டு நான் சொல்ல வரல்ல. இந்தப் பக்கம் ஒருத்தர் வந்து கேக்கிறார் எண்டாங்க. இவ்வளவு காலமும் ஒருத்தரும் வந்து ஒண்டும் கேட்டதில்ல. எருமை எண்டாத்தானே எழுதுவீங்க."

எருமைக் கட்சியும் மாட்டுக் கட்சியும் அடங்கின. கர்னல் பேனாவை எடுத்தார். ஒரு புதிய பக்கத்தைப் புரட்டி, "அண்ணன் பேர் சொல்லுங்க" என்றார். கந்தையா சொன்னார். கர்னல் எழுதினார். வயது, உயரம், அன்று போட்டிருந்த சட்டை. அந்தப் பக்கத்தை வைத்து எங்களால் எதுவும் செய்ய முடியாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பக்கம் நிறைய எழுதி, திருப்பிப் படித்துக் காட்டினார். ஒரு எழுத்தைக் கந்தையா திருத்தச் சொன்னார். திருத்தினார்.

அப்போதுதான் ஸ்கூட்டரில் மங்கை வந்து இறங்கினார். ஐம்பது வயதுப் பெண். வயல் வட்டையில் அறுவடை மெஷினை நிறுத்திவிட்டு வந்ததாகவும் சீக்கிரம் போக வேண்டும் என்றும் சொன்னார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"ரெண்டு மருத மரத்துக்கும் நடுவாலதானே சுட்டது? எங்கட எருமை. ஆனா அது சாகல்ல."

ஆரோக்கியசாமி எழுந்துவிட்டார்.

"பின்தொடையில பட்டுது. அப்பா மருந்து வெச்சுக் கட்டினார். மறுகா நொண்டி நொண்டி எத்தனையோ வருஷம் இருந்திச்சு. நாலு கண்டு போட்டுது. பால் குறையல்ல."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கர்னலின் முகம்தான் சுருங்கியது. "அவ்வளவு பெரிய உருப்படி, அவ்வளவு கிட்டத்துல, பின்தொடையா?" என்று என் காதில் முணுமுணுத்தார். ஆரோக்கியசாமி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சுமந்த பிணம் நாலு கன்று போட்டது என்று கேட்டால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது?

"சிரிக்காதீங்க" என்றார் மங்கை. ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "அண்டைக்கு எங்கட அப்பா எருமைக்குப் பின்னால நிண்டவர். அதைப் பிடிக்கத்தான் தண்ணிக்குள்ள இறங்கினவர். எருமை குறுக்க நிண்டிச்சு. அதாலதான் அவர் தப்பினார். சாகுமட்டும் இருட்டில வெளிய போகல்ல. கதவடியில யார் நிண்டாலும் வேர்த்துப்போவார். ரெண்டு வருஷம் முந்தித்தான் மோசம் போனார்."

ஆரோக்கியசாமி அவர் பக்கம் திரும்பினார். "பின்னால ஆள் இருந்தது எனக்குத் தெரியாதும்மா" என்றார். "பயம். அதைத் தவிர வேற காரணமில்லை. என்னை மன்னிச்சு..."

"பொறுங்க. மன்னிப்பு மறுகா. அப்பா உசிரோட இருந்தா உங்களக் கண்டதும் முதல்ல ஏசுவார். மனசில வெச்சே போயிட்டார். அவருக்காக நான் ஏசட்டா?"

ஆரோக்கியசாமி குதிகால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "ஏசுங்க."

மங்கை ஏசினார். நாசமறுப்பான் என்று தொடங்கியவர் அங்கிருந்து எங்கெல்லாமோ போனார். கண்ணை, கையை, துப்பாக்கியை, அதைக் கொடுத்தவனை, பெற்றவர்களை, பள்ளிக்கூடத்தை, இருபது வயதை, பனியை. முதலில் உரக்கத் தொடங்கி, நடுவில் அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்தார். என் ராணுவ வாழ்க்கையில் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன். இவ்வளவு முழுமையாக ஒருவரை ஏச முடியும் என்று அன்றுதான் தெரிந்தது. எப்போது எழுந்தோம் என்று தெரியவில்லை. கர்னல், பல்பீர், நான் மூவரும் அதே மாதிரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தோம். எங்களுக்கும் சேர்த்து ஏதோ பாக்கி இருந்த மாதிரி இருந்தது.

பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். சட்டென்று நிறுத்தினார். "தண்ணி" என்றார். கந்தையா எழுந்து போய் எடுத்துக் கொடுத்தார். மடமடவென்று குடித்தார்.

"முடிஞ்சுது. இப்ப சொல்லுங்க, என்ன சொல்ல வந்தீங்க?"

ஆரோக்கியசாமி சொன்னார். மூன்றே வார்த்தை. மங்கை "சரி" என்றார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மெஷின்காரன் காத்துக்கொண்டிருப்பான் என்று போய்விட்டார்.

அன்றிரவு ஐரின் அக்கா தயிர்ச் சட்டியோடு வந்தபோது ஆரோக்கியசாமி தட்டை நீட்டினார். ஒரு கரண்டி சாப்பிட்டார். இரண்டாவது வேண்டாம் என்றார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை.

கிளம்புகிற நாள் காலை, வேன் வர நேரமிருந்தது. ஆரோக்கியசாமி ஐரின் அக்காவிடம் வந்து தயங்கி நின்றார்.

"அந்தம்மா ஏசினதுல எல்லாம் புரிஞ்சுதுக்கா. ஒரு சொல்லு மட்டும் விளங்கலை. உங்க ஊர்ச் சொல்லு போல." காதருகே குனிந்து அந்தச் சொல்லைச் சொன்னார்.

ஐரின் அக்காவின் முகம் சிவந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "ஐயோ, அதை மட்டும் என்னட்டக் கேக்காதீங்க!" என்று அடுப்படிக்குள் ஓடிவிட்டார்.

ஆரோக்கியசாமி கர்னலிடம் பேனா வாங்கி, அந்தச் சொல்லை எழுத்துப் பிழையில்லாமல் ஒரு தாளில் எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேனில் ஏறியதும் பையை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். "எனக்குன்னு சொன்னது" என்றார்.